மணிப்பூர்: கொள்ளை போன ஆயுதக் கிடங்குகள்



அரசு அலுவலகம் ஒன்றை வன்முறைக் கும்பல் தாக்கிவிட்டால் உடனே மதில் உயர்கிறது, கேமரா பொருத்தப்படுகிறது, மனுவோடு வரும் விவசாயத் தொழிலாளி வாசலிலேயே தடுக்கப்படுகிறார். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஆட்சியாளர்கள் கொள்ளும் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான். மணிப்பூரிலோ காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளே பறிபோயின.

2023 மே 3 அன்று அங்கே மெய்தி, குக்கி மக்களிடையே மோதல் வெடித்தது. சில நாட்களுக்குள் காவல் நிலையங்களும், இம்பால் அருகே பாங்கெய்யில் உள்ள காவலர் பயிற்சிக் கல்லூரியின் கிடங்கும் சூறையாடப்பட்டன. இவை எதிர்பாராதவை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். ஆகஸ்ட் மாதத்தில் அப்படிச் சொல்ல முடியுமா?

மே தொடக்கம் முதல் ஜூலை இறுதி வரை மணிப்பூரில் அரசமைப்பு இயந்திரமே நிலைகுலைந்துவிட்டதென்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 1 அன்று கண்டித்தது. இரண்டே நாட்களில், பிஷ்ணுபூர் மாவட்டம் நாரான்செய்னாவில் இருந்த 2ஆவது இந்திய ரிசர்வ் பட்டாலியன் தலைமையகத்துக்குள் கூட்டம் புகுந்தது. துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் 19,000-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் பறிபோயின. அது ஊருக்கு ஒதுக்குப்புறமான சோதனைச் சாவடியல்ல. ஆயுதப் படையொன்றின் தலைமையகம்!

கூட்டத்தின்மீது சுட்டிருக்க வேண்டும் என்பதல்ல வாதம். கூட்டம் வாசலை அடைவதற்கு முன் செய்திருக்க வேண்டியவை பல. பதற்றப் பகுதியிலிருந்து ஆயுதங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்துவது, துப்பாக்கியின் இயங்கு பாகங்களைக் கழற்றித் தனியே வைப்பது, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுவது: இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல, கோடிகளைக் கோரும் திட்டங்களும் அல்ல. உத்தரவு போதும். அந்த உத்தரவை இடவேண்டிய பாஜக மாநில அரசின்மீது ஒரு தரப்பு மக்களுக்கு நம்பிக்கையே அற்றுப்போயிருந்தது. காவல்துறையும் இனவாரியாகப் பிளந்து கிடந்தது. மெய்தி காவலர் மலைப்பகுதியிலும், குக்கி காவலர் சமவெளியிலும் பணிபுரிய இயலவில்லை. சொந்த ஊராரே கூட்டமாகத் திரண்டு வரும்போது வாசலில் நிற்கும் காவலர் என்ன செய்வார்? மதில் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் கேள்விக்கு விடையில்லை. 'இரட்டை என்ஜின்' பெருமை பேசிய ஒன்றிய ஆட்சியும் அதற்கு விடை தேடவில்லை.

2025 பிப்ரவரியில் முதல்வர் பிரேன் சிங் பதவி விலக, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆயுதங்களை 7 நாட்களில் ஒப்படைக்குமாறு ஆளுநர் கேட்டார். பின்னர் கெடு மார்ச் 6 வரை நீண்டது. கொள்ளை போனவை ஏறத்தாழ 6,000. அந்தக் கெடுவுக்குள் தாமாக வந்து சேர்ந்தவை ஏறத்தாழ ஆயிரம். மற்றவை இருந்த கைகளுக்கு அஞ்சியே நிவாரண முகாம்களில் இருந்தோர் ஊர் திரும்பத் தயங்கினர்.

2023 ஜூனில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தின் காலக்கெடுவும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு கிடங்கிலும் எவ்வளவு இருந்தது, எவ்வளவு மீண்டது, எந்த அதிகாரி பொறுப்பில் இருந்தார், அவருக்கு மேலிருந்து என்ன உத்தரவு வந்தது என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கிளைக் கூட்டங்களில் இக்கோரிக்கையைத் தோழர்கள் எடுத்துச் செல்ல வேண்டும்.