திறன்பேசியின் உள்ளுறுப்புகள்

(தமிழ் மன்றமொன்றில் ஆற்றிய உரை)



மாட்டுவண்டி வைத்திருந்த நம் முன்னோர், அச்சு முறிந்தால் அச்சை மாற்றினர். ஆரக்கால் ஒடிந்தால் ஆரக்காலை மாற்றினர். வண்டியையே எறிந்தவர் எவருமிலர். ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்களிடம் பெயரிருந்தது. பெயர் தெரிந்தமையால் அதன் வேலையும் தெரிந்தது. இன்றோ, ஒரு திங்கள் ஊதியத்தைக் கொட்டி வாங்கிய திறன்பேசி மூன்றாம் ஆண்டில் தளர்ந்துவிட்டால், “போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்கிறார் கடைக்காரர். நாமும் தலையாட்டிவிட்டு வருகின்றோம். எவ்வுறுப்பு கெட்டது என்று கேட்க நம்மிடம் சொல்லில்லை. அச்சொற்களுள் சிலவற்றை இன்று உங்கள் கையில் தர விரும்புகின்றேன்.

பின்மூடியைக் கழற்றினால் முதலிற் கண்ணிற் படுவது மின்கலம். உள்ளிடத்திற் பெரும்பங்கு அதற்கே. அதனை ஒட்டிக் குறுகலாகக் கிடப்பது மின்சுற்றுப் பலகை. கடைக்காரர் ‘போர்டு’ என்றது இதைத்தான். பலகை என்பது தனிக்கருவியன்று. பல கருவிகள் குடியிருக்கும் தெரு. அவற்றுள் தலையாயது செயலி. நகத்தளவே ஆன சில்லு. ஆயினும் 2023இல் வெளிவந்த ஆப்பிள் செயலியொன்றில் 1,900 கோடித் திரிதடையங்கள் உள. திரிதடையம், அதாவது ‘டிரான்சிசுட்டர்’, மின்னோட்டத்தை விடவும் மறிக்கவும் வல்ல மடை. வயலுக்கு நீர் திறக்கும் மடையை எண்ணிக்கொள்ளுங்கள், போதும்.

அத்தெருவில் நினைவகங்கள் இரண்டு. ஒன்று பள்ளிக் கரும்பலகை போன்றது. வேலை நடக்கும்வரை எழுதிவைக்கும், மின் நின்றால் அழிந்துபோம். ‘ராம்’ என்பது அது. மற்றொன்று சுவடிப்பெட்டி, மின் இல்லாதபோதும் காத்துநிற்கும். இவ்வேறுபாடு அறியாதார்க்கு எண்களைக் காட்டி விற்பது எளிது.

தொடுதிரையில் இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்த, ஒளியை மறைக்காத பூச்சொன்று கட்டங்கட்டமாக ஓடுகிறது. விரல் மின் கடத்துமாகலின், தொட்ட இடத்தில் மின்தேக்கம் மாறுகிறது; அம்மாற்றமே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தடித்த கையுறையணிந்த விரலை அது அறியாமைக்குக் கரணியம் இதுவே. உணரிகளையும் அலைவாங்கிகளையும் விரிக்கப் புகின் பொழுது போதாது. பேசியைச் சாய்த்தால் படமும் திரும்புவது, சிலிக்கனிற் செதுக்கிய, கண்ணுக்குப் புலனாகாத சீப்பொன்றின் அசைவால் என்று மட்டும் சொல்லி, மின்கலத்திற்கு மீள்கின்றேன். எல்லாவற்றுள்ளும் முதலில் மூப்பது அதுவே.

அதனுள் இருப்பவை இரு நீண்ட தகடுகள். செம்புத் தகட்டின்மீது, எழுதுகோலில் உள்ள அதே கரி பூசியிருக்கும். அலுமினியத் தகட்டின்மீது, பெரும்பாலும் கோபால்ட்டு கலந்த இலித்தியச் சேர்மம். இடையில் மயிரிழையினும் மெல்லிய தடுப்புத்தாள். எங்கும் எளிதில் தீப்பற்றும் நீர்மம். மின்னேற்றுங்கால் இலித்திய அயனிகள் கரிப்பக்கம் சென்று தங்குகின்றன, பயன்படுத்துங்கால் மீள்கின்றன. ஒவ்வொரு போக்கு வரவிலும் சிற்சில அயனிகள் கரியின்மேற் படியும் ஏட்டிலே சிக்கி, மீளாமற் போகின்றன. இதுதான் மூப்பு. வெம்மை மிகமிக இது விரையும். ஆகவே, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் தலையணைக்கடியிலும் பேசியை வைத்து மின்னேற்றாதீர்கள்.

இவ்வகை மின்கலத்தைச் சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இதற்கு அடிகோலிய குடெனப், விட்டிங்காம், யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்துணை அருமையுடையதாயினும் ஆயுள் அளவானதே. ஐபோன் 14 வரையிலான பேசிகளில் 500 முழுச்சுற்றுக்குப் பின் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு நிற்கும் வகையில் மின்கலத்தை வடிவமைத்ததாக ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. அரையரையாக இருமுறை ஏற்றினால் அது ஒரு சுற்று. நாளொரு சுற்றென்றால் 500 சுற்று ஒன்றரை ஆண்டிற்குள் முடியும். செயலியோ அதற்குள் மூப்பதில்லை. கெட்டது அச்சு, எறிவது வண்டி!

முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் நெம்பி மின்கலத்தை மாற்றினோம். பின்னர்ப் பசையிட்டு ஒட்டிவிட்டனர். மெலிவிற்காகவும் நீர் புகாமைக்காகவும் என்பர், அதில் உண்மையுண்டு. மாற்றுவது அரிதாயின் புதியது விலைபோம் என்பதும் உண்மையே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சூன் 20 முதல் இதற்கொரு கட்டுப்பாடு விதித்தது. அங்கு விற்கும் புதுப்பேசியின் மின்கலம் 800 சுற்றுக்குப் பின்னும் 80 விழுக்காடு தாங்க வேண்டும். ஒரு வகைப் பேசியின் விற்பனை நின்றபின் ஏழாண்டுக்கு மாற்றுறுப்புகள் கிடைக்க வேண்டும்.

நம் திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை கைப்பேசி செய்தது. பின்னர் 2019 முதல் பாக்சுகான் நிறுவனம் அங்கே ஐபோன்களைப் பூட்டிவருகிறது. பூட்டுவோரிற் பெரும்பாலோர் நம் பெண்மக்கள். அவர்கள் கை பொருத்தியதை மூடிய பெட்டியாகவே கண்டு நாம் அஞ்சுவானேன்? அடுத்தமுறை கடைக்காரர் போர்டு என்றால், “பலகையில் எது? செயலியா, மின்னேற்று வாயா? மின்கலத்தை ஆய்ந்தீர்களா?” என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே திறவாதீர்கள். பின்மூடி உப்பியோ திரை ஓரத்தில் எழும்பியோ இருந்தால், உள்ளே நீர்மம் சிதைந்து வளி சேர்ந்திருக்கிறது என்க. தடுப்புத்தாள் கிழிந்து தகடுகள் கூடின் தீயெழும். 2016இல் சாம்சங்கு நிறுவனம் ஏறத்தாழ 25 இலக்கம் நோட் 7 பேசிகளைத் திரும்பப் பெற்றது மின்கலக் குறையால்தான். உப்பிய பேசியை அழுத்தாமல், குத்தாமல், மின்னேற்றாமல், அணைத்துவிட்டுத் தேர்ந்த பழுதுநீக்குநரிடம் தாருங்கள். குப்பைத்தொட்டியில் இடற்க, அங்கே நசுங்கித் தீப்பிடித்தால் அதனை அள்ளவருவது துப்புரவுத் தொழிலாளியின் கை.