குரோம் பட்டையில் படிந்த சாயம்



சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர மன்றங்கள் புதிதாகச் சாயம் பூசுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உயரத்தில் தொங்கும் மேடையிலிருந்து பூசும்போது காற்று சற்றே திசை மாறினாலும் போதும், சாயத்துளிகள் கீழே நிற்கும் கார்களின் மேல் தூவிவிடும். தேக்கா வட்டாரத்தில் பழைய கடைவீடுகளுக்கு வண்ணம் தீட்டும்போதும் இதே நிலைதான். காரின் மற்ற பாகங்களில் விழுந்த துளியைவிட, பளபளக்கும் குரோம் பட்டையில் விழுந்த துளி கண்ணை அதிகம் உறுத்தும். அதைச் சுரண்டப் போய்ப் பட்டையையே பாழாக்கிக் கொள்பவர்கள் பலர். பட்டை கெடாமல் சாயத்தை மட்டும் எடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் குரோம் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பம்பர் முழுவதும் குரோமியத்தால் ஆனது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. உள்ளே இருப்பது எஃகு. அதன்மேல் நிக்கல் முலாம்; சிலவற்றில் நிக்கலுக்கு அடியில் செம்பு முலாமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். நிக்கல் படலத்தின் தடிப்பு 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குரோமியப் படலமோ ஒரு மைக்ரான்கூட இராது. அரை மைக்ரானுக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். நம் தலைமயிர் ஒன்றை நீளவாக்கில் நூறு இழையாகக் கிழிக்க முடியுமானால், அதில் ஓர் இழையைவிட மெல்லியது இந்தப் படலம்! பளபளப்பின் பெரும்பகுதியைத் தருவது நிக்கல். அது மங்காமல் காப்பது குரோமியம். பட்டையின் ஒளி இலேசான நீலச் சாயலோடு இருந்தால் குரோமியம் நன்றாக இருக்கிறது என்று பொருள். தேய்த்த இடத்தில் மஞ்சள் சாயல் தெரிந்தால், குரோமியம் போய் நிக்கல் வெளிப்பட்டுவிட்டது. பிறகு நம் ஊர் ஈரக் காற்றிலும் கடற்காற்றிலும் துரு ஏற அதிக காலம் பிடிக்காது. மறுபடியும் முலாம் பூசுவது வீட்டில் செய்யக்கூடிய வேலையும் அன்று, மலிவான வேலையும் அன்று.

இனி நமக்குச் சாதகமான செய்தி ஒன்று. குரோமியத்தின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பானது. அதனால் சாயம் அதை இறுகப் பற்றுவதில்லை. ஆகவே சாயத்தை அரைத்துத் தேய்த்து ஒழிக்க வேண்டியதில்லை. அதன் பிடியைத் தளர்த்தினாலே போதும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் அவசரப்படத் தோன்றாது.

அடுத்ததாக, உங்கள் காரில் இருப்பது எந்த வகைப் பட்டை? 1941ஆம் ஆண்டு புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் ஆலை எழுந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். அது 1980இல் மூடப்பட்டு, இன்று நினைவுக் காட்சிக்கூடமாக இருக்கிறது. அந்த ஆலை நடந்த காலத்துக் கார்களில் பம்பர் என்றால் பெரும்பாலும் எஃகுதான். இன்றைய கார்களிலோ முன்பக்கக் கிரில், சின்னம், கதவு விளிம்பு எனப் பலவும் பிளாஸ்டிக்கின் மேல் பூசிய முலாம். சில ஐரோப்பியக் கார்களில் சன்னலைச் சுற்றியுள்ள பளபளப்புப் பட்டை குரோமே அன்று, அலுமினியம். ஒரு காந்தத்தை எடுத்து, மெல்லிய துணி ஒன்றை இடையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். திடமாகப் பிடித்தால் எஃகு. பிடிக்காவிட்டால், பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொண்டு மென்மையான முறைகளை மட்டும் கையாளுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் சூடேறிய பட்டையில் எந்தத் திரவமும் நிற்காமல் ஆவியாகிவிடும். முதலில் நன்றாகக் கழுவுங்கள். மணல் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் அந்த மணலே அரமாகிவிடும். பட்டையை ஒட்டியுள்ள கார்ச் சாயத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறையுங்கள். பட்டைக்குத் தீங்கு செய்யாத திரவமும் காரின் சொந்தச் சாயத்தைக் கெடுக்கக்கூடும்.

முதற்படி, வெந்நீரும் சவர்க்காரமும். கட்டடச் சுவருக்குப் பூசுவது பெரும்பாலும் நீரில் கலக்கும் சாயம். கை பொறுக்கும் சூட்டில் சவர்க்கார நீரில் துணியை நனைத்து, துளியின் மேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு விரல் நகத்தாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ மெல்லத் தள்ளினால், பல துளிகள் செதிளாகக் கழன்று வந்துவிடும்.

வராவிட்டால் இரண்டாம் படி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, பஞ்சில் தொட்டு, துளியின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். பிளாஸ்டிக் பட்டைக்கு இந்தப் படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி எஃகுப் பட்டைக்கு மட்டும். கம்பி வேலிக்கும் கதவுக்கும் அடிக்கும் எண்ணெய்ச் சாயம் புதிதாக இருந்தால் டர்பென்டைன் போதும். தெளிப்பு டப்பாச் சாயமானால் தின்னரைப் பஞ்சில் சிறிதே தொட்டுத் துடைக்கலாம். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முலாமின் ஓரத்திலும் வெடிப்பிலும் உள்ளே புகுந்து முலாமையே தூக்கிவிடும். எனவேதான் காந்தச் சோதனையை முதலில் சொன்னேன். இந்த வேலையைத் திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், கையுறை அணிந்து செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. கழிவறை கழுவும் அமிலத்தைத் தொடாதீர்கள்; ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தைக் கரைத்துவிடும். அடுப்புக் கறை போக்கும் காரத் திரவம் அலுமினியப் பட்டையை வெளுத்துப் போகச் செய்யும். உப்புத்தாள், ஸ்குரூடிரைவர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஆகிய மூன்றும் வேண்டாம். அந்த நாரில் உராய்வுத் துகள்கள் கலந்திருப்பதைப் பலர் அறிவதில்லை.

பழைய பம்பரைச் சந்தையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு சொல். 2017ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் பழைய பொருள்கள் எப்படியெல்லாம் விற்றன என்பது பலருக்கு நினைவிருக்கும். எங்கே வாங்கினாலும் சரி, பட்டை முழுவதும் வெள்ளிச் சாயம் அடித்திருந்தால், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். துருவை மறைப்பதற்காகவும் இருக்கலாம். மூலையில் ஒரு காசளவு மட்டும் எடுத்துப் பாருங்கள். அடியில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், அந்தச் சாயமே அதற்குப் பாதுகாப்பு. முலாம் பூசுபவரிடம் காட்டும் வரை அதை எடுக்காதீர்கள்.

1990 முதல் நம் நாட்டில் கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் காலம் பத்தாண்டு. பத்தாண்டுக்குப் பின் அதைப் புதுப்பித்துப் பழைய காரையே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பாகமும் போற்றிக் காக்க வேண்டிய உடைமை. பொறுமைக்கு ஆகும் செலவு அரை மணி நேரந்தான்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. வேலை முடிந்து மிஞ்சிய தின்னரையும் டர்பென்டைனையும் என்ன செய்வீர்கள்? பக்கத்திலுள்ள வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். தேக்காவின் ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, இந்தத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. அது நம் வீட்டுக் குழாய்க்கு வரும் குடிநீருக்கான நீர். மிஞ்சிய திரவத்தை மூடி பத்திரப்படுத்தி அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணியைச் சுருட்டாமல் காற்றாட விரித்து, நன்றாக உலர்ந்த பிறகே குப்பையில் போடுங்கள். ஈரத்தோடு குப்பைக் குழாயில் போட்டால் தீப்பிடிக்க இடமுண்டு.

சாயம் போன இடத்தைச் சுத்த நீரால் கழுவித் துடைத்து, மெழுகு தடவிவிடுங்கள். அடுத்த முறை துளி விழுந்தால் வெறும் துணியோடு வந்துவிடும்.