மருந்தும் மானமும்
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகம், வியாபாரம் என்னும் மூன்றைக் குறித்தே பெரும்பாலும் பேசப்பெறும் இம்மேடையில் நீரிழிவைப்பற்றிப் பேச இடமளித்த நிர்வாகிகளுக்கு என் வந்தனம். யான் வைத்தியன் அல்லேன். அந்நோய்க்காகும் செலவை வீட்டில் கணக்கெழுதிப் பார்த்தவன். ஆதலின், நோயைக் காட்டிலும் அதன் செலவைக் குறித்தே சில வார்த்தைகள் கூறத் துணிந்தேன்.

முன்னாளில் இதனைப் பணக்காரர் வியாதி என்பர். அப்பெயர் இன்று பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இத்தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. இத்தனை பேரும் சீமான்கள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

காய்ச்சலுக்குச் செய்யும் செலவு பத்து நாளில் தீரும். அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்கினாலும் என்றேனும் அடைத்துவிடலாம். நீரிழிவின் செலவோ வீட்டு வாடகையை ஒத்தது. மாதந்தோறும் வந்து வாயிலில் நிற்கும். ஆயுள் உள்ளவரை விடாது. ஆயினும், குடும்பத்தில் பணமுடை நேருங்கால் முதலிற் குறைக்கப்படுவதும் இதுவே. அரிசியை நிறுத்தினால் அன்றே வயிறு கேட்கும். மாத்திரையை நிறுத்தினாலோ உடம்பு அன்று ஒன்றும் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் வட்டியோடு கேட்கும்.

இதற்கு வேறெங்கும் சாட்சி தேடவேண்டுவதில்லை. என் தமையனார் ஒரு தனியார் வைத்தியரிடம் மருந்து உண்டு வந்தார். மகளின் விவாகச் செலவு நெருங்கவே, ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணத் தொடங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிற்கு அரை மைல் தூரம். அங்கே போகலாமே என்று ஒருநாள் யான் கூறியபோது, “நாலு பேர் பார்க்க அந்த வரிசையில் நான் நிற்பதா?” என்று கடிந்துகொண்டார். செருப்பினுள் அகப்பட்ட சிறு கல் ஒன்று காலைப் புண்ணாக்கியது. உணர்ச்சி மரத்த காலாதலின் அவர் அதனை அறியவில்லை. முடிவில் இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டன; ஒரு துண்டு நிலமும் கைவிட்டுப் போயிற்று. படுக்கையில் இருந்தபடி அவர் சொன்னார்: “தம்பி, வரிசையில் நிற்க வெட்கப்பட்டேன். இப்போது நிற்கவே முடியவில்லை.”

அன்பர்களே! அந்த வெட்கத்தைப்பற்றியே இன்று நாம் சிந்திக்கவேண்டும். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-ஆம் ஆண்டிலேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாய்க் கொள்முதல் செய்து, மாதிரிகளைப் பரிசோதித்த பின்னரே அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறையை நிலைநாட்டியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்நோய்க்குரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்தது. இவை பிச்சை அல்ல. நாம் செலுத்தும் வரியின் பயன். உண்ண வேண்டிய மருந்தை உண்ணாமல் காக்கும் கௌரவம், கௌரவமாகாது.

இன்சுலினைக் கண்டவர்களையும் இங்கே நினைவு கூர்வோம். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்தில் அம்மருந்து முதன்முதல் ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கு விட்டுக்கொடுத்தனர். எல்லோரையும் சேரவேண்டும் என்று கொடுக்கப்பட்ட மருந்தை வாங்கிக்கொள்ள நாம் ஏன் நாணவேண்டும்?

தனியார் வைத்தியரிடமே தொடர விரும்புவோர்க்கும் ஒரு வார்த்தை. மருந்தின் வர்த்தகப் பெயர் வேறு. உள்ளிருக்கும் சரக்கின் பெயர் வேறு. அதே சரக்கு, ஜெனரிக் மருந்தாக, மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறக்கப்பட்டன. அன்றியும், காப்புரிமைக் காலம் முடிந்தவுடன் மருந்தின் விலை இறங்கும். எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அவ்வுரிமை முடியவே, பல கம்பெனிகள் அதனைப் பன்மடங்கு குறைந்த விலைக்கு விற்க முன்வந்தன. ஆகவே, பழைய சீட்டையே ஆண்டுக்கணக்கில் நீட்டாமல், “இதற்குச் சமமான மலிவு மருந்து உண்டா?” என்று வைத்தியரைக் கேளுங்கள். அவரைக் கேளாமல் மட்டும் நீங்களே மாற்றவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி, சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். நமது வைத்திய நிதியிலிருந்து அறுவைச் சிகிச்சைக்குத் தாராளமாய் உதவுகின்றோம், அது நல்லதே. எனினும், காலை எடுப்பதற்குக் கொடுக்கும் நாம், காலைக் காப்பதற்குக் கொடுப்பதில்லை. அந்நிதியில் ஒரு பகுதியை மூன்று காரியங்களுக்கு ஒதுக்கக் கோருகின்றேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் இரு வாலிபர்கள் முதியோரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, உடன் நின்று, சீட்டு வாங்கித் தரவேண்டும். துணையாக ஒருவர் நின்றால் வெட்கம் பாதியாகும். இரண்டாவது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, கால் பரிசோதனை ஆகியவற்றை ஆண்டுதோறும் நம் மண்டபத்திலேயே நடத்தி, கால் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கித் தரவேண்டும். மூன்றாவது, இளம்பிராயத்திலேயே இன்சுலின் ஊசியை நம்பி வாழும் குழந்தைகள். ஊசிமருந்து அரசாங்கத்தில் கிடைப்பினும், விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் கீற்றுகளுக்குப் பெற்றோர் கைப்பணம் செலவிடும் குடும்பங்கள் உண்டு. அக்குழந்தைகளின் கீற்றுச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

இத்தீர்மானம் நிறைவேறுமாயின், முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் என் தமையனாரை அழைத்துக்கொண்டு நான் அந்த வரிசையில் நிற்பேன். அவ்வழியே செல்லும் நம்மவர், பாராதவர்போல் போகாமல், அருகில் வந்து நலம் விசாரித்துச் செல்லுமாறு வேண்டிக்கொண்டு, என் உரையை முடிக்கின்றேன்.