வீடு திரும்பாத வீரன்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பல வருடங்கள் வரலாறு படிப்பித்தவள். பிரெஞ்சுப் புரட்சி பாடத்தோடு துசான் லூவர்த்தூரின் கதையையும் சொல்வேன். அடிமையாகப் பிறந்து, அடிமைகளின் படைக்குத் தளபதியானவர் அவர். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவருடைய மனைவிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

ஜோசப் கம்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1949இல் வெளியிட்ட நூலில், உலகத்துப் புராணக் கதைகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பு உண்டு என்றார். வீரன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். சோதனைகளைக் கடந்து ஒரு பேற்றைப் பெறுகிறான். அதைத் தன் மக்களுக்காகக் கொண்டு திரும்புகிறான். புறப்பாடு, சோதனை, மீட்சி என்ற இந்த மூன்றையும் 'வீரனின் பயணம்' என்பார்கள். இராமன் காடு போய் அயோத்தி திரும்பிய கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. துசானின் வாழ்க்கையை இதில் வைத்துப் பார்ப்போம்.

அவர் 1743 அளவில், இன்று ஹெயிட்டி எனப்படும் கரீபியன் நாட்டில் பிறந்தார். அப்போது அது பிரான்சின் குடியேற்றம். சீனியும் கோப்பியும் விளைந்த அந்தப் பெருந்தோட்டங்களில் 1791 அளவில் சுமார் 5 இலட்சம் ஆபிரிக்க அடிமைகள் இருந்தார்கள். துசான் குதிரைகளைப் பராமரித்தார். மூலிகை வைத்தியமும் அறிந்திருந்தார். அவருக்கு எழுத்தறிவித்தவர் அவருடைய ஞானத்தந்தை என்று சொல்லப்படுகிறது. கம்பெல் சொல்லும் 'வழித்துணை' இங்கே ஓர் ஆசிரியராக வருவது எனக்குப் பிடித்த இடம்.

1791 ஆகஸ்ட்டில் கிளர்ச்சி வெடித்தது. அழைப்பு வந்ததும் வீரன் முதலில் தயங்குவான் என்கிறார் கம்பெல். துசானும் உடனே போகவில்லை. ஐம்பதை நெருங்கிய அவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே விடுதலை பெற்றவர். அடிமைகள் வேலை செய்த கோப்பித் தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியும் இருந்தார். இழப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. சில வாரங்கள் பழைய தோட்டத்தில் நின்று, தோட்ட முகாமையாளரின் குடும்பத்தைப் பாதுகாப்பாக அனுப்பிய பிறகே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1793இல் 'திறப்பு' என்று பொருள்படும் லூவர்த்தூர் என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

பிறகு சோதனைகள். முதலில் ஸ்பெயினின் பக்கம் நின்றார். 1794இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்த காலத்தில் பிரான்சின் பக்கம் வந்தார். பிரித்தானியப் படையை வெளியேற வைத்தார். 1801இல் அரசியலமைப்பு எழுதுவித்து ஆயுட்கால ஆளுநரானார்.

கம்பெலின் சட்டம் இதுவரை அச்சாகப் பொருந்துகிறது. இதற்குப் பின் பொருந்தவில்லை.

ஏற்றுமதி விழுந்தால் சுதந்திரமும் விழும் என்று துசான் நினைத்தார். அதனால் 1800இல் சட்டம் போட்டு, விடுதலை பெற்ற மக்களைத் திரும்பவும் தோட்டங்களில் கட்டாய வேலைக்கு நிறுத்தினார். கூலி உண்டு, விலகிப்போகும் உரிமை இல்லை. அடுத்த வருடம் தொழிலாளர் கிளர்ந்தபோது, தான் பிள்ளைபோல வளர்த்த தளபதி முவாஸையே அதற்குக் காரணமென்று சுட்டுக்கொல்ல வைத்தார். வீரனின் கதையாக மட்டும் வாசித்தால் அந்தத் தொழிலாளர் எங்கள் கண்ணில் படமாட்டார்கள்.

1802இல் நெப்போலியனின் படை வந்திறங்கியது. பிரான்சில் படித்துக்கொண்டிருந்த மகன்மார் இருவரையும் அந்தக் கப்பல்களிலேயே அனுப்பியிருந்தார்கள். தகப்பனா, பிரான்சா என்று பிள்ளைகளையே தெரிவு செய்யச் சொன்னார் துசான். பிளாசிட் தகப்பனோடு நின்றார். ஐசாக் பிரான்சைத் தெரிவு செய்தார். அந்த வீட்டில் தாயும் நின்றிருந்தார். சூசான் என்பது அவருடைய பெயர்.

ஜூன் மாதம் துசானைப் பேச்சுக்கு அழைத்துக் கைது செய்தார்கள். குடும்பத்தையும் கப்பலேற்றினார்கள். பிரான்சில் அவர்களைப் பிரித்து, அவரை மட்டும் குளிர் மலைக்கோட்டையொன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7ஆம் திகதி அங்கேயே இறந்தார். சூசான் கண்காணிப்பில் வாழ்ந்து 1816இல் அஜான் நகரில் கண்மூடினார். அந்தப் பிள்ளைக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அப்படியானால் மீட்சி எங்கே? குவாடலூப் தீவில் அடிமைமுறை திரும்புகிறது என்ற செய்தி கேட்டு மக்கள் மீண்டும் எழுந்தார்கள். துசானின் படையில் அதிகாரியாயிருந்த சனீத் பெலேர் என்ற இளம்பெண் 1802இல் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஹெயிட்டியின் 10 கூர்த் தாளில் அவருடைய முகம் இருக்கிறது. 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி சுதந்திர நாடானது. வீரன் வீடு திரும்பவில்லை. அவன் தேடிய பேற்றை வீட்டில் நின்றவர்கள் கைப்பற்றினார்கள்.

சகோதரிகளே, எங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். திரும்பி வந்து குடியிருக்க எல்லோராலும் முடியாது. நூற்றாண்டு மலரில் போனவர்களின் பட்டங்களையும் பதவிகளையும் எழுதுவோம். அது நியாயமான பெருமை. ஆனால், போகாமல் நின்று, குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியைகளின் பெயர்களையும் எழுதுவோம். பாடசாலை எங்களுக்காகத் திறந்திருந்தது அவர்களால். அவர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். போகுமுன் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். "உங்களுக்கு என்ன நடந்தது ரீச்சர்?" என்று கேளுங்கள்.