மூழ்கிய கப்பலும் மீளும் கப்பலும்



திருகோணமலை மாவட்டத்தில் கப்பல்துறை என்று ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அதன் அயலில் பெரியதொரு துறைமுகம் இருக்க வேண்டும் என்று எவரும் ஊகித்துவிடுவர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்து வாழும் எங்களுக்குக் கப்பல் என்பது ஏட்டில் படித்து அறியும் பொருளன்று. கண்ணால் கண்டு வளரும் பொருள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி இத்துறைமுகத்தின்மேல் கண்வைத்தனர். ஆங்கிலேயக் கடற்படை 1957ஆம் ஆண்டிலேதான் இங்கிருந்து முற்றாக நீங்கியது.

இன்றோ இப்பகுதி இளைஞர் பலர் கப்பல் செலுத்துவது கணினித் திரையிலும் கைத்தொலைபேசியின் கண்ணாடியிலுமாகும். நானும் அவர்களுள் ஒருவன். கணினி விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றை ஆடுவோர் கூடிப் பேசும் செயலிகளைப் பற்றியும் எனக்குத் தோன்றும் சில கருத்துகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இவை ஆராய்ச்சி முடிவுகள் அல்ல. ஆடுபவன் ஒருவனின் அபிப்பிராயங்கள் என்றே கொள்ளுங்கள்.

வேர்ல்ட் ஒஃப் வோர்ஷிப்ஸ் என்றொரு விளையாட்டு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கடலில் உலாவிய போர்க்கப்பல்களைப் பெயரும் உருவமும் மாறாமல் திரையில் அமைத்து, பல நாடுகளிலும் இருக்கும் ஆட்டக்காரரை இரு அணிகளாகப் பிரித்து மோதவிடும் விளையாட்டு அது. அதிலே ஹேர்மிஸ் என்னும் ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலும் உண்டு. கிழக்கிலங்கையாருக்கு அப்பெயர் புதியதன்று.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் திகதி இரவு, யப்பானியக் கடற்படை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும், ஹேர்மிஸ் திருகோணமலையை விட்டுத் தெற்கு நோக்கிச் சென்றது. அதன் விமானங்கள் சீனன்குடாவிலே கரையிறக்கப்பட்டிருந்தன. எனவே விமானந்தாங்கிக் கப்பல் தற்காப்புக்கு ஒரு விமானமும் இன்றிக் கடலில் நின்றது. மறுநாட் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று முற்பகலிலேயே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸைக் கண்டு, அதனையும் உடன்சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியிலே கிடக்கிறது.

விளையாட்டிலுள்ள ஹேர்மிஸின் கதை வேறு. அதற்கு விமானங்கள் உண்டு. அவற்றை ஆட்டக்காரனே ஏவலாம். குண்டுபட்டு மூழ்கினாலும் அந்த ஒரு சமரோடு சரி. சமர் ஒவ்வொன்றும் இருபது நிமிடங்களுக்கு மேற்படாது. அடுத்த சமரில் அதே கப்பல் கீறலும் இன்றி மிதந்து வரும். மாண்டவர் இல்லை, அழுதவர் இல்லை.

இதைக் கேட்டு, மெய்யான மரணத்தை விளையாட்டாக்குவது தகுமோ என்று பெரியோர் சிலர் வினவுவர். நியாயமான வினாத்தான். ஆயினும் என் கருத்து இது: சதுரங்கத்திலும் யானையும் குதிரையும் வெட்டுண்கின்றன, அரசன் வீழ்கிறான். ஆட்டம் முடிந்ததும் எல்லாக் காய்களும் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேருகின்றன. எங்கள் சிறுவர் ஆடும் கிளித்தட்டிலும் அப்படியே. கிளியிடம் அடிபட்டவன் தோற்றவனே. ஆனால் மறுநாட் பின்னேரம் மீண்டும் கோட்டில் வந்து நிற்பதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு. தோல்வி ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதுதான் விளையாட்டின் முதற்பண்பு. இழந்ததை மீளப் பெறலாம் என்ற உறுதி இருப்பதாலேதான் மனிதன் துணிந்து ஆடிப் பழகுகிறான்.

ஆகவே, ஒரு கணினி விளையாட்டு நல்லதா தீயதா என்று என்னைக் கேட்டால், அதில் துப்பாக்கி உண்டா, இரத்தம் உண்டா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அதில் தோற்பவனுடைய தோல்வி உள்ளேயே நிற்கிறதா, அல்லது வெளியே வந்து அவன் வாழ்க்கையைத் தொடுகிறதா என்றே பார்ப்பேன். அப்படி வெளியே வருவதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று பணம்; மற்றொன்று காலம்; மூன்றாவது சொல்.

முதலாவது பணம். இன்றைய விளையாட்டுகள் பலவற்றை இலவசமாகவே தருகிறார்கள். இலவசமாகக் கொடுத்தவர் பின்னர் உள்ளே கடை விரிக்கிறார். வேண்டிய பொருளை வேண்டிய விலைக்கு வாங்குவதாயின் குறை கூறுவதற்கில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்து வாங்கித் திறந்து பார்க்கச் சொல்வது லொத்தருக்கு நிகரானது. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு, 2018ஆம் ஆண்டிலே, ஃபிஃபா 18 உட்படச் சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இணையச் சீட்டாட்டத்திலே பணம் இழந்தோர் சிலர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அங்கே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பெற்று, 2022ஆம் ஆண்டு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2023இல் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியப் பாராளுமன்றம் 2025ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமே தடைசெய்தது. சீட்டு மேசையில் தோற்றவன் வீட்டுக்கு அடுப்பெரியாமற் போகுமாயின், அந்த ஆட்டத்தை விளையாட்டு என்று அழைப்பதே பிழை.

இரண்டாவது காலம். ஒரு நாள் வராவிட்டால் பரிசு போய்விடும், இன்றிரவுக்குள் முடிக்காவிட்டால் வாய்ப்பு நீங்கிவிடும் என்று ஆட்டக்காரனை நாள்தோறும் வந்து கையொப்பமிடும் உத்தியோகத்தனாக்கிவிடும் விளையாட்டுகள் உண்டு. இவற்றை நான் விரும்புவதில்லை. சீன அரசாங்கம் 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல், பதினெட்டு வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு தினங்களிலும் விடுமுறை நாள்களிலும் இரவு எட்டு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை மாத்திரமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தது. உலக சுகாதார நிறுவனம் வேறொரு வகையில் இதை நோக்குகிறது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. அங்கே மணிக்கணக்கு அளவுகோலாக வைக்கப்படவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் ஆற்றல் குன்றுதல், மற்றைய கடமைகளுக்கு முன்னே ஆட்டம் வந்து நிற்றல், தீங்கு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய இவையே அறிகுறிகள். இந்நிலை வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும் என்பர். கோடை விடுமுறையில் இரண்டு மணிநேரம் கூடுதலாக ஆடிய பிள்ளையை நோயாளி என்று முடிவுகட்டும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

மூன்றாவது சொல். இங்கேதான் கூடிப் பேசும் செயலிகள் வருகின்றன.

டிஸ்கோர்ட் என்னும் செயலி 2015ஆம் ஆண்டில், விளையாடுவோர் ஆடிக்கொண்டே தம்முள் பேசுவதற்கென்று தொடங்கப்பட்டது. அதிலே எவரும் ஒரு கூடத்தை அமைக்கலாம். எழுதி உரையாட ஓர் அறை, வாயாற் பேச ஓர் அறை, படம் காட்ட ஓர் அறை என்று வகுத்துக்கொள்ளலாம். அதனை ஒழுங்காக நடத்தச் சம்பளம் வாங்காத தொண்டர் சிலர் இருப்பர். எங்கள் ஊர்களிலுள்ள சனசமூக நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை வாசிக்க வருவோரும், கரம் ஆட வருவோரும், வெறுமனே பேசிப் போக வருவோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பர் அல்லவா? ஏறக்குறைய அதுபோன்றதே இது. கூரை மாத்திரம் உலகளாவியது. கோடைக்காலத்தில் இங்கே இரவு ஒன்பதரை மணி ஆகும்போது ரொறன்ரோவில் நண்பகல் பன்னிரண்டு மணி. உறவினர் பாதிப்பேர் கடல் கடந்து வாழும் எங்கள் சமூகத்தில், இங்குள்ள மருமகனும் அங்குள்ள மாமனும் ஒரே அணியில் நின்று ஆடுவது சிறிய காரியமன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்ந்தும், நெடுங்காலம் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த மாவட்டம் இது. இங்கே மூன்று சமூகத்துப் பிள்ளைகளும், பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாக, ‘பின்னால் வருகிறான், பார்’ என்று ஒருவனையொருவன் காப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனினும் சனசமூக நிலையத்தில் உள்ள ஒன்று செயலியில் இல்லை. அங்கே தகாத வார்த்தை பேசும் இளைஞனுக்கு, மூலையில் பத்திரிகை வாசிப்பவர் தன் பெரியப்பா என்பது தெரியும். செயலியிலோ எவருக்கும் முகமில்லை. இட்டுக்கொண்ட பெயர் மாத்திரமே உண்டு. ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் ஒருவன் மற்றவனின் தாயையோ சமயத்தையோ இழுத்துப் பேசிவிடுகிறான். கப்பல் அடுத்த சமரில் மீண்டு வரும். அந்தச் சொல் மீளாது. அதனைப் பதிவுசெய்து பிறருக்கு அனுப்புவோரும் உளர். செயலிகளிற் பரவும் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாடு கண்டது. கண்டி மாவட்டத்திலே முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, வெறுப்புப் பேச்சு பரவுவதைத் தடுக்க அரசாங்கம் முகநூல், வாட்சப் முதலியவற்றைச் சில நாள்கள் முடக்கி வைத்தது. தமது தளம் அவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வந்தது, எரிந்த கடைகளும் போன உயிர்களும் மீளவில்லை.

டிஸ்கோர்ட்டில் பதின்மூன்று வயது நிரம்பாதோர் சேரக்கூடாது என்பது விதி. விதி எழுத்தில் இருக்கிறது. வாசலில் நின்று பார்ப்பவர் வீட்டுப் பெரியோராகத்தான் இருக்க வேண்டும். கூடத்தை நடத்தும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஆட்டத்தில் வல்லவனைக் காட்டிலும் நாவடக்கம் உள்ளவனையே பொறுப்பில் அமர்த்துங்கள்.

அப்படியாயின் விளையாட்டிலிருந்து எதுவுமே வெளியே வரலாகாதா என்று கேட்கலாம். வரலாம். வெண்பா என்னும் விளையாட்டை அறிவீர்களா? ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் ஆக்கியது. 2023ஆம் ஆண்டு வெளிவந்து, அடுத்த ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் பெற்றது. 1980களில் கனடாவுக்குச் சென்ற தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட வரிகளை ஊகித்து இட்டலியும் பிறவும் சமைக்கிறாள். ஆடுபவர் அவளுக்குத் துணைசெய்ய வேண்டும். பிழைவிட்டால் மீண்டும் சமைக்கலாம்; தண்டனை இல்லை. ஒன்றிரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும் அவ்விளையாட்டை ஆடியபின், தாய்க்குத் தொலைபேசி எடுத்துப் பேசத் தோன்றும். அத்தகைய உணர்ச்சி திரையைத் தாண்டி வெளியே வருவதை யார்தான் வேண்டாம் என்பர்?

பெற்றோராய் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தொலைபேசியுடன் இருக்கக் கண்டால், ‘எவ்வளவு நேரமாக ஆடுகிறாய்?’ என்று மாத்திரம் கேட்டு நிறுத்தாதீர்கள். ‘இன்று யாருடன் ஆடினாய்? தோற்றாயா? தோற்றபோது என்ன இழந்தாய்?’ என்றும் கேளுங்கள். ‘ஒரு கப்பல்’ என்று சிரித்துக்கொண்டே மறுமொழி சொல்வானாயின் கவலை வேண்டாம். அருகில் அமர்ந்து, ஹேர்மிஸ் என்ற கப்பல் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் வரலாற்றையும் அதிலே மாண்டவர்களையும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பணம் என்றோ, பரீட்சை என்றோ, ஒரு நண்பன் என்றோ அவன் மறுமொழி வருமாயின், அப்பொழுது தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு, ஆறுதலாகப் பேசத் தொடங்குங்கள்.