கையெழுத்து வைக்கும் முன்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இப்போது லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று மலையைப் பிரித்துத் தருகிறார்களாம். இனிச் செக்ரோலில் பேர் விழாதாம், கொழுந்தின் நிறைக்குத்தான் காசாம். "இனி நீங்களே முதலாளி" என்கிறார்கள். வெளியார் உற்பத்தி முறை என்பது இதுதான்.

போன கிழமை ஓர் அக்கா அந்தக் காகிதத்தை எங்களிடம் கொண்டுவந்தார். நான்கு பக்கமும் ஆங்கிலம். "வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர், நாளைக்குக் காலையில கையெழுத்து வைக்கணுமாம்" என்றார். வாசித்தோம். அதில் அவர் தொழிலாளி இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர். இருபது வருடம் கொழுந்தெடுத்தவரின் பெயரை அந்த ஒரு சொல் மாற்றிவிடுகிறது.

பெயர் மாறினால் என்ன போகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா என்று வைப்போம். அதற்கு நிர்வாகம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். ஒரு நாளுக்கு 150 ரூபா. 25 நாள் வேலை செய்தால் மாதம் 3750 ரூபா. ஒப்பந்தக்காரர் என்றால் இதைக் கட்டத் தேவையில்லை என்பார்கள்.

அடுத்தது சேவைக்காலப் பணம். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அந்த அக்காவுக்கு 280 நாள் சம்பளம், அதாவது 2,80,000 ரூபா. வேலையிலிருந்து விலகுகிறேன் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தால், அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுப்பது பற்றி அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பிரசவ லீவுக் காசு, மலையில் குளவி கொட்டினால் நட்டஈடு, இவற்றைப் பற்றியும் பேச்சில்லை.

நல்ல மாதத்தில் சில குடும்பங்கள் கூடுதலாக உழைக்கின்றன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு யாருடைய கைகளால் வருகிறது? பாட்டி எடுக்கிறார், பள்ளிப் பிள்ளையும் எடுக்கிறது. கொழுந்து கூடிய நாட்களில் எங்கள் வகுப்பு வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒருவர் பெயரில் ஒப்பந்தம், உழைப்பதோ ஒரு குடும்பம்.

ஆகவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று: காகிதம் தமிழில் உண்டா? ஒரு பிரதி நம் கையில் தருவார்களா?

இரண்டு: செக்ரோல் பேர் இருக்குமா, போகுமா?

மூன்று: உரம், மருந்து, கவ்வாத்துச் செலவு யாருடையது? எந்த விலைக்குப் பிடிப்பார்கள்?

நான்கு: கொழுந்து விலை எப்படி? சிறு தோட்டக்காரருக்குத் தேயிலை விற்ற விலையில் 68 சதவீதம் என்ற கணக்கு நாட்டில் உண்டு. நமக்கு எந்தக் கணக்கு? தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பார்கள்?

ஐந்து: ஒப்பந்தம் முடிந்தால் லயக் காம்பராவும் போகுமா?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காகிதத்தில் எழுதிய பெயரோடு எல்லாம் முடிந்துவிடாது. எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று துரைதான் சொல்கிறார் என்றால், "முதலாளி" என்ற பேச்சு எங்கே நிற்கும்? தன் உடலுழைப்பால் வேலை செய்துகொடுக்க ஒப்பந்தம் செய்தவரையும் 1958 ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டம் தொழிலாளி என்றே சேர்க்கிறது. ஏற்கனவே கையெழுத்து வைத்தவர்களும் தொழில் காரியாலயத்தில் முறையிடலாம். அதற்கு நிறைத் துண்டு, பற்றுச்சீட்டு, பழைய சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். ஒன்றையும் அடுப்பில் போடாதீர்கள்.

அந்த அக்கா மறுநாள் கையெழுத்து வைக்கவில்லை. "தமிழ்ல தாங்க, வாசிச்சிட்டு வாறேன்" என்று துரையிடம் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை. ஒருவர் கேட்டால் காக்க வைப்பார்கள். பிரட்டில் எல்லோரும் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். காகிதம் வந்த வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து வாசிப்போம்.