கடல் கடந்து போகும் கணக்கறிக்கை



கடன் கொடுப்பவர் தமக்குத் தெரியாததற்கும் சேர்த்தே வட்டி வாங்குகிறார். நெடுந்தீவில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் கடன் கேட்டால், வங்கி அலுவலர் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை வந்து, பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. நேரில் பார்ப்பது இத்தனை சிரமமான இடத்தில் ஆண்டறிக்கைதான் அவருக்குக் கண். அது மங்கலாக இருந்தால் பிணையாளிகளைக் கேட்பார், காணி உறுதியைக் கேட்பார், வட்டியைக் கூட்டுவார்.

நமது தீவகக் கூட்டுறவுச் சங்கங்களின் அறிக்கைகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். ஐந்தொகையில் 'ஏனைய வருமதிகள்' என்று ஒரே வரி, அதன் எதிரே ஒரு பெருந்தொகை. அது வலை வாங்கக் கொடுத்த கடனா, இயந்திரத்துக்குக் கொடுத்த முற்பணமா? எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது? சென்ற ஆண்டு எவ்வளவு திரும்பி வந்தது? செயலாளருக்கு எல்லாம் மனப்பாடம், தாளில் மட்டும் இல்லை. ஒழுங்காகத் தவணை கட்டிய உறுப்பினரின் நாணயமும் அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோகிறது. இது எனக்குப் பெரும் வேதனை. வங்கிக் கடன் கிடைக்காதவர் போய்ச் சேரும் அடகுக் கடைக்காரருக்கு அறிக்கை தேவையில்லை, தாலிக்கொடியை நிறுத்துப் பார்த்தால் போதும். நம் உழைப்பின் வரலாறு எழுத்தில் இல்லாதவரை நகைதான் நமக்காகப் பேசவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் 122 உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்து கணக்கியல் ஆய்வாளர் கிறிஸ்டின் பொட்டோசான் 1997இல் வெளியிட்ட முடிவு நமக்கு நெருக்கமானது. பங்குச்சந்தைப் பகுப்பாய்வாளர்கள் அதிகம் கவனிக்காத நிறுவனங்களிடையே, ஆண்டறிக்கையில் கூடுதல் விவரம் தந்தவற்றுக்குப் பங்கு மூலதனச் செலவு குறைந்திருந்தது. பலரும் கவனிக்கும் நிறுவனங்களில் அத்தொடர்பு புலப்படவில்லை. யாரும் திரும்பிப் பாராத சங்கத்துக்கே விளக்கமான அறிக்கையால் ஆதாயம் அதிகம் என்று நான் இதிலிருந்து கொள்கிறேன். வாசிக்கக் கடினமான அறிக்கை கடன் தரமிடலைக் குறைத்துக் கடன் செலவை ஏற்றுகிறது என்று ஆய்வாளர்கள் பொன்சாலும் மில்லரும் 2017இல் காட்டினர்.

அமெரிக்க ஆய்வுகள் வாசிப்புக் கடினத்தை அளக்கக் கையாண்டவற்றுள் ஒன்று ராபர்ட் கன்னிங்கின் மூடுபனிச் சுட்டெண். நீண்ட சொற்களையும் நீண்ட வாக்கியங்களையும் அது கடினம் என்று எண்ணுகிறது. விகுதிமேல் விகுதி சேரும் தமிழுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. நமக்கென ஒன்றை நாமே செய்யவேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுச் சங்கங்களின் பத்தாண்டு அறிக்கைகளைத் திரட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் அச்சங்கம் பெற்ற கடன், கொடுத்த வட்டி, வைத்த பிணை ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு அதே அறிக்கையை ஓர் உறுப்பினரிடமும் ஒரு கடன் அலுவலரிடமும் கொடுத்து, வருமதியில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேளுங்கள். இருவர் சொல்லும் தொகைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை முதலில் அளந்துகொண்டு வாருங்கள்.